வெட்டுக்கத்தி: லாரிப் பட்டையிலிருந்து வெட்டுக்கட்டை வரை

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வரிசையில் நிற்பவர் கொஞ்சம் கவனித்தால் தெரியும். கடைக்காரர் கையில் இரண்டு கத்திகள் மாறி மாறி வரும். நெஞ்செலும்பையும் தொடையெலும்பையும் துண்டு போட முதுகு தடித்த கனமான கத்தி. எலும்பு நீக்கிய கறியைப் பொடியாக அரிய மெல்லிய கத்தி. கூட்டம் எவ்வளவு நெருக்கினாலும் ஒன்றின் வேலையை மற்றதிடம் அவர் கொடுக்க மாட்டார்.

முதன்முதலாகக் கத்தி செய்ய இறங்குபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். வெங்காயமும் நறுக்க வேண்டும், ஆட்டெலும்பும் உடைக்க வேண்டும் என்று ஒரே கத்தியில் இரண்டையும் கேட்பார்கள். மெல்லிய கூர் எலும்பில் பட்டால் சில்லு போகும். எலும்புக்கான தடித்த கூர் காரட்டை நறுக்காது, பிளக்கும். சீனச் சமையலறைகளில் முன்பாதி காய்கறிக்கும் கைப்பிடி ஒட்டிய பின்பாதி கோழியெலும்புக்கும் என்று ஒரே அலகில் இரண்டு தடிமன் வைத்த நடுவகைக் கத்தி உண்டு. அங்கேயும் பெரிய எலும்புக்குத் தனிக் கத்திதான்.

ஆகவே இரும்பைத் தேடும் முன்பே எதை வெட்டப்போகிறோம் என்று முடிவு செய்தாக வேண்டும். பின்னால் வரும் எல்லா அளவுகளும் அதிலிருந்தே பிறக்கின்றன. எலும்புக் கத்திக்கு முதுகுத் தடிமன் 5 முதல் 6 மி.மீ., எடை 600 முதல் 900 கிராம், இருபுறமும் சேர்ந்த கூர்க் கோணம் 45 டிகிரி அளவு, கடினம் ராக்வெல் சி அளவையில் 55-ஐ ஒட்டி. காய்கறிக் கத்திக்கு முதுகு 2 முதல் 2.5 மி.மீ., எடை 300 கிராமுக்குச் சற்று முன்பின், கோணம் 30 டிகிரி, கடினம் 58-க்கு மேல். இந்த அத்தியாயம் எலும்புக் கத்தியைச் செய்கிறது. காய்கறிக் கத்தி வழி பிரியும் இடங்களில் அதைச் சொல்லிச் செல்கிறது.

யார் செய்வது?

வீட்டுக்குப் பின்னால் உலை மூட்ட வசதி இல்லாதவர்கள் அருகிலுள்ள கொல்லுப்பட்டறைக்குப் போகலாம். அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தியில் மட்டுமல்ல, விவசாயம் நடக்கும் எந்த வட்டாரத்திலும் மண்வெட்டியும் கதிர் அரிவாளும் அடித்துத் தரும் பட்டறை ஒன்றாவது இருக்கும். வரைபடம், தடிமன், எடை ஆகிய மூன்றையும் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோனால் “இன்னும் கொஞ்சம் பெரிசா, கொஞ்சம் கனமா” என்ற கைச்சாடை பேச்சு மிச்சம்.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் கட்டுப்பாட்டு வகையில் வைக்கின்றன. வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைத்தவை அதில் சேராது. வெட்டுக்கத்தி அகலத்தால் அந்த எல்லையைத் தாண்டினாலும் சமையல் கருவி என்பதால் தப்பிக்கிறது. அப்படியிருந்தும் உறையில்லாமல் பேருந்தில் எடுத்துப் போவது தேவையில்லாத வம்பு. அட்டையில் சுற்றிக் கட்டி, பட்டறை ரசீதோடு கொண்டுவருவதே சரி.

இரும்பு

லாரி, ஜீப், வேன் ஆகியவற்றின் அடியில் வில்போல் வளைந்து அடுக்கியிருக்கும் ஸ்பிரிங் பட்டைதான் பட்டறைகளின் விருப்ப இரும்பு. நேபாளத்தில் குக்ரிக் கத்தி அடிப்பவர்களும் இதே பட்டையைத்தான் நாடுகிறார்கள். காரணம் எளிது. பட்டையில் கரியம் 0.5 முதல் 0.6 சதவீதம்வரை இருக்கும். கூடவே குரோமியமோ சிலிக்கானோ மாங்கனீசோ சேர்ந்திருக்கும். கத்தியைக் கடினமாக்க இந்தக் கரியம் போதும். எலும்பில் மோதும்போது உடையும் அளவுக்கு அது அதிகமும் இல்லை. வெல்டிங் கடையில் கிடைக்கும் சாதாரண மைல்டு ஸ்டீல் தகட்டில் கரியம் 0.25 சதவீதத்தைத் தாண்டாது. அதை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் கூர் நிற்காது.

பழைய இரும்புக் கடையில் பட்டை வாங்கும்போது இரண்டு சோதனைகள் போதும். முதலாவது பொறி. சாணைச் சக்கரத்தில் ஓரத்தைத் தொட்டால், கரியம் மிகுந்த இரும்பு கிளை கிளையாக வெடிக்கும் பொறிகளைத் தெறிக்கவிடும். மைல்டு ஸ்டீலில் வெடிப்பில்லாத நீண்ட கோடுகளே வரும். இரண்டாவது விரிசல். பல லட்சம் முறை வளைந்து நிமிர்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் இருக்கலாம். துருவைத் தேய்த்து எடுத்து மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவினால் விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் கசிந்து கோடு காட்டும். நடுத்துளையை ஒட்டிய பகுதியைக் கழித்துவிட்டு வெட்டி எடுப்பது உத்தமம். ஜிங்க் பூசிய இரும்பை உலைக்கு அருகிலேயே கொண்டுபோகக் கூடாது. அதன் புகை குளிர்காய்ச்சலில் தள்ளிவிடும்.

எந்த ஆலையில் எப்போது வார்த்தது என்றே தெரியாத இரும்பிலும் நல்ல கத்தி வரும் என்பதற்கு தைவானின் கின்மென் தீவு சாட்சி. 1958 ஆகஸ்ட் 23-இல் சீனப் பெருநிலத்திலிருந்து தொடங்கிய பீரங்கித் தாக்குதலில் 44 நாட்களில் ஏறத்தாழ 4,70,000 குண்டுகள் அந்தச் சிறிய தீவின் மேல் விழுந்தன. அதன்பின் 1978 முடியும்வரை வந்தவற்றில் பல பிரசாரத் துண்டறிக்கைகளைச் சுமந்தவை. அவை சிதறாமல் விழுந்ததால் தடித்த எஃகுக் கூடு முழுசாகக் கிடைத்தது. தீவின் கொல்லர்கள் அதை அறுத்து வெட்டுக்கத்தியாக அடித்தார்கள். ஒரு கூட்டிலிருந்து சுமார் 60 கத்திகள் தேறும் என்பது அங்கே சொல்லும் கணக்கு. கின்மென் கத்தி இன்று தைவான் போகிறவர்கள் வாங்கிவரும் பொருள்.

அடையாளம் தெரியாத இரும்புக்குச் செய்ய வேண்டியது ஒன்றே. கத்தியைத் தொடங்கும் முன் விரல் அளவுத் துண்டு ஒன்றை வெட்டி, காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, அரத்தால் உரசிப் பார்க்க வேண்டும். அரம் கடிக்காமல் வழுக்கினால் இரும்பு தேறும். பிறகு அதே துண்டை வைஸில் பிடித்து உடைத்தால், உடைந்த முகம் நைசான சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். சர்க்கரைப் பொடிபோல் மினுங்கும் பருக்கைகள் தெரிந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

காய்கறிக் கத்திக்கு லாரிப் பட்டை வேண்டாம். 10 மி.மீ. இரும்பை 2 மி.மீ.க்கு அடித்து இறக்குவது வீண் உழைப்பு. மர அறுவை ஆலையில் கழித்துப்போட்ட அகலமான பட்டை ரம்பத்தையோ, அதிகக் கரியம் உள்ள 2 மி.மீ. தகட்டையோ வடிவமாக வெட்டி ராவினால் போதும், சுத்தியலே வேண்டாம்.

எவ்வளவு வெட்டுவது?

18 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம், சராசரி 4 மி.மீ. தடிமன் உள்ள அலகின் கன அளவு சுமார் 65 கன செ.மீ. கைப்பிடிக்குள் போகும் காம்பு 12 செ.மீ. நீளம், 2.2 செ.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன் என்றால் இன்னொரு 13. ஆக 78. எஃகு ஒரு கன செ.மீ.க்கு 7.85 கிராம் என்பதால் முடிந்த இரும்பின் எடை சுமார் 610 கிராம்.

பட்டை 7 செ.மீ. அகலமும் 1 செ.மீ. தடிமனும் இருந்தால் ஒவ்வொரு செ.மீ. நீளத்திலும் 7 கன செ.மீ. இரும்பு இருக்கிறது. கணக்குப்படி 11 செ.மீ. போதும். ஆனால் உலையில் ஒவ்வொரு காய்ச்சலிலும் மேல்தோல் செதிலாக உதிரும்; ராவும்போதும் போகும். கால் பங்கு கூட்டி 14 செ.மீ. வெட்டிக்கொண்டால் கடைசியில் அகலம் போதாமல் தவிக்க வேண்டியிருக்காது.

அடிப்பது

உலையில் அடுப்புக்கரியோ நிலக்கரியோ, ஊதுவதற்குத் துருத்தியோ மின்விசிறியோ எதுவானாலும் சரி. பட்டை ஆரஞ்சு தாண்டி மஞ்சளை எட்டும்போது எடுக்க வேண்டும்; அது 1,100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு. வெள்ளையாகிப் பொறி பறந்தால் கரியம் எரிகிறது. அந்தத் துண்டு போனதுதான். சிவப்பு மங்கிய பிறகும் அடித்துக்கொண்டிருந்தால் உள்ளே விரிசல் விழும்.

முதல் காய்ச்சலில் பட்டையின் வளைவை நிமிர்த்த வேண்டும். அடுத்து ஒரு முனையில் 2 செ.மீ. தள்ளி இருபுறமும் பள்ளம் போட்டு, அந்தச் சிறு பகுதியைக் காம்பாக நீட்ட வேண்டும். காம்பும் அலகும் சேரும் மூலை செங்கோணமாக இருக்கக் கூடாது. சற்று வளைவாக விட வேண்டும். பின்னாளில் கத்தி முறிந்தால் அந்த மூலையில்தான் முறியும்.

அகலம் கூட்ட, ஒருபக்கத் தலை உருண்டு ஒடுங்கிய சுத்தியல் தேவை. அந்த ஒடுங்கிய தலை கத்தியின் நீளவாக்கில் பதியும்படி அடித்தால் இரும்பு அகலவாக்கில் விரியும். பட்டறையில் இதற்கு இரண்டு பேர். கொல்லர் ஒரு கையில் குறடும் மறுகையில் சின்னச் சுத்தியலுமாகத் தட்டிக் காட்டிய இடத்தில் சம்மட்டிக்காரர் ஓங்கிப் போடுவார். சின்னச் சுத்தியல் பட்டறைக்கல்லில் ‘டங்’ என்று விழுந்தால் நிறுத்து என்று பொருள். அவ்வளவு இரைச்சலுக்கு நடுவே பேச்சு எடுபடாது.

கூர்ப்பக்கத்தை மெலிக்க மெலிக்க அந்தப் பக்கம் நீளும். கத்தி முதுகுப் பக்கமாக வளையும். புதியவர்கள் இதைக் கடைசியில் நிமிர்த்தப் பார்த்துத் திணறுவார்கள். மெலிக்கத் தொடங்கும் முன்பே அலகைக் கூர்ப்பக்கமாகச் சற்று வளைத்து வைத்துக்கொண்டால், மெலிந்து முடியும்போது அது தானாக நேராகும்.

வடிவம் வந்ததும் இரும்புக்கு ஓய்வு. செம்மஞ்சள்வரை காய்ச்சி, காற்றில் தொங்கவிட்டு, கருக்கும்வரை ஆறவிட வேண்டும். இதை மூன்று முறை செய்தால் அடியினால் உள்ளே ஏறிய இறுக்கம் தளரும். காய்ச்சலில் பெருத்துப்போன பருக்கைகள் மறுபடி நைசாகும். கடைசியாக ஒருமுறை சிவக்கக் காய்ச்சி, உலைச் சாம்பலில் புதைத்து ராத்திரி முழுக்க விட்டால் மறுநாள் அரம் கடிக்கும்.

துளை போடுவது, ஓரம் ராவுவது, சரிவு எடுப்பது எல்லாம் இந்த நிலையிலேயே முடிய வேண்டும். காம்பில் மூன்று துளைகள், அலகின் முன்மூலையில் தொங்கவிட ஒன்று. கூரை இப்போதே மெலிதாக்கிவிடக் கூடாது. 1.5 மி.மீ. தடிமன் விட்டுவைக்காவிட்டால் தோய்ச்சலில் கூர் அலையலையாக நெளியும்.

தோய்ச்சல்

அரைமணி நேரம் அடித்ததையும் அரைநாள் ராவியதையும் பத்து விநாடியில் ஆக்கவோ அழிக்கவோ கூடிய கட்டம் இது. அதுவரை செய்ததெல்லாம் வடிவம். கத்தி பிறப்பது இங்கேதான். பட்டறை இருட்டாக இருக்க வேண்டும். வெயிலில் 800 டிகிரி சூடும் மங்கலாகவே தெரியும் என்பதால் பல கொல்லர்கள் தோய்ச்சலை அந்திக்குத் தள்ளிவைப்பார்கள்.

தோய்க்கக் கடலை எண்ணெய் போதும். பழைய இன்ஜின் ஆயில் மலிவுதான். அதன் புகை நல்லதல்ல. அலகைவிட ஆழமான இரும்புப் பாத்திரத்தில் 8 முதல் 10 லிட்டர் ஊற்றி, சூடாக்கிய இரும்புத் துண்டு ஒன்றை அதில் அமிழ்த்தி 50 முதல் 60 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். வெதுவெதுப்பான எண்ணெய் இளகிப் புரள்வதால் குளிர்ந்த எண்ணெயைவிட வேகமாகச் சூட்டை இழுக்கும். பாத்திரத்துக்குப் பொருந்தும் இரும்பு மூடி பக்கத்திலேயே இருக்கட்டும். எண்ணெய் பற்றிக்கொண்டால் மூட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் தீ கூரைவரை எழும். பருத்தி உடை, தோல் கையுறை, கண்ணாடி ஆகியவை இல்லாமல் இந்தக் கட்டத்துக்கு வரக் கூடாது.

அலகை உலையில் முன்னும் பின்னும் நகர்த்திச் சீராகச் சூடேற்ற வேண்டும். கம்பியில் கட்டிய காந்தத்தால் அவ்வப்போது தொட்டுப் பார்க்கலாம். 770 டிகிரியில் இரும்பு காந்தத்துக்கு மசியாது. அது போதிய சூடு அல்ல. இன்னும் 50 டிகிரி வேண்டும். சிலிக்கான் மிகுந்த பழைய பட்டைகளுக்கு அதற்கும் சற்று மேலே. கூர்ந்து பார்த்தால் ஒளிரும் அலகின் மேல் நிழல் திட்டுகள் ஊர்வது தெரியும். உள்ளே இரும்பின் அமைப்பு மாறும்போது சூட்டை விழுங்குவதால் வரும் நிழல் அது. மெல்லிய கூர்ப்பக்கத்தில் முதலில் மறைந்து, தடித்த முதுகில் கடைசியாக மறையும். நிழல் ஒழிந்து முழு அலகும் ஒரே நிறமானால் எடுக்க வேண்டிய நேரம்.

உலையிலிருந்து எண்ணெய்க்கு இரண்டு விநாடிக்குள். கூர் கீழ்நோக்கி, நேராக. உள்ளே போனதும் கத்தி வெட்டும் திசையில் முன்னும் பின்னும் அசைக்கலாம். பக்கவாட்டில் அசைத்தால் ஒருபக்கம் முதலில் ஆறி அலகு கோணிக்கொள்ளும். பத்து விநாடி எண்ணி வெளியே எடுத்தால் எண்ணெய் புகையும்; சுடர் வராது. அந்த நிலையில் அலகு 250 டிகிரியை ஒட்டி இருக்கும். இரும்பு இன்னும் முழுக்க இறுகவில்லை. கோணல் இருந்தால் கையுறையோடு இரண்டு கட்டைகளுக்கு நடுவே அழுத்தி நிமிர்த்தச் சில விநாடிகள் உண்டு. அந்த விநாடிகள் கடந்தபின் அழுத்தினால் உடையும்.

தண்ணீரில் தோய்க்கும் பழக்கமும் உண்டு. ஸ்பிரிங் பட்டை முழுசாகத் தண்ணீரில் இறங்கினால் ‘டிக்’ என்ற சின்னச் சத்தத்தோடு விரிசல் விடுவது வழக்கம். நேபாளக் கொல்லர்கள் இதற்கு வேறு வழி கண்டிருக்கிறார்கள். சிவக்கக் காய்ச்சிய குக்ரியின் கூரில் மட்டும் கெட்டிலிலிருந்து தண்ணீரை மெல்லிய தாரையாக ஊற்றுவார்கள். கூர் இறுகும், முதுகு மெதுவாக ஆறி மிருதுவாக நிற்கும். கை பழகிய பிறகே முயல வேண்டிய வித்தை.

பதம் இறக்குவது

தோய்த்த கத்தி இப்போது கண்ணாடிக் குணத்தில் இருக்கிறது. கீழே விழுந்தால் இரண்டாகலாம். ஒருமணி நேரத்துக்குள் மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதத்தை இறக்கியாக வேண்டும்.

கேக் செய்யும் மின் ஓவன் இதற்குப் போதும். ஓவனின் குமிழ் காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி வைக்க வேண்டும். மணல் பரப்பிய தட்டில் கத்தியைக் கிடத்தினால் சூடு ஏறியிறங்காது. எலும்புக் கத்திக்கு 250 டிகிரியில் இரண்டு மணி நேரம், அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். காய்கறிக் கத்திக்கு அதே முறை, 200 டிகிரியில்.

ஓவன் இல்லாத பட்டறையில் நிறம்தான் வெப்பமானி. அலகை உப்புத்தாளால் பளபளப்பாக்கி, சிவக்கக் காய்ச்சிய தடித்த இரும்புக் கட்டையின் மேல் முதுகு படும்படி நிறுத்துவார்கள். முதுகிலிருந்து நிறம் கிளம்பும். முதலில் 200 டிகிரியை ஒட்டி வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, 300-ஐ ஒட்டி நீலம். முதுகு நீலமாகி, பழுப்பு நிறம் கூரைத் தொடும் நொடியில் தண்ணீரில் போட்டுவிடுவார்கள். அடியைத் தாங்கும் முதுகும் கூர் நிற்கும் வாயும் ஒரே அலகில் அமைகின்றன.

பிடியும் சாணையும்

கைப்பிடிக்கு வாகை, கருவேலம், புளி, ஈட்டி எதுவும் ஆகும். நன்றாகக் காய்ந்திருப்பதுதான் முக்கியம். ஈரமரம் ஒரு கோடையில் சுருங்கி இரும்பை விட்டு விலகும். காம்பின் இருபுறமும் பலகை வைத்து, எபாக்சி பசை பூசி, 5 மி.மீ. பித்தளைக் கம்பி மூன்றைச் செருகி, ஒருநாள் இறுக்கிப் பிடித்து வைக்க வேண்டும். பிடியின் பின்முனை சற்றுப் பெருத்திருந்தால் கொழுப்புக் கையிலும் நழுவாது. ஆளிவிதை எண்ணெய் மரத்தில் உலர்ந்து இறுகும். தேங்காய் எண்ணெய் உலராது, பிசுபிசுக்கும்.

சாணையில் கையுறை இல்லாமல் பிடிப்பது நல்லது, முகக்கவசம் கட்டாயம். விரலுக்குச் சூடு தெரிந்தவுடன் தண்ணீரில் முக்க வேண்டும். கூர் ஒருமுறை நீலமாகிவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. எலும்புக் கத்தியின் கூருக்கு மேலே 1 மி.மீ. தடிமன் நிற்கட்டும், காய்கறிக் கத்திக்கு 0.3 மி.மீ. வரை இறங்கலாம். கடைசியில் கல்லில் ஒவ்வொரு பக்கமாகத் தேய்த்து, மறுபக்கம் பிசிறு எழுவதை விரலால் உணர்ந்து, அதை நீக்கினால் கூர் தயார்.

சோதனையும் திருத்தமும்

புதுக் கத்தியை நேராக ஆட்டுத் தொடையில் இறக்காமல் கோழிக்கால் எலும்பில் தொடங்க வேண்டும். அடி நேராக விழட்டும். எலும்பில் மாட்டினால் கத்தியைத் திருகி எடுக்கக் கூடாது. அடியில் புளியங்கட்டையோ வேறு மரமோ இருக்க வேண்டும். கருங்கல் மேடையும் மார்பிளும் எந்தக் கத்தியையும் கெடுக்கும்.

இருபது வெட்டுக்குப் பிறகு கூரை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கத்தியே தன் குறையைச் சொல்லும். நல்ல கூர் ஒளியைத் திருப்பாது. பளிச்சென்று கோடு மின்னி, விரலால் தடவும்போது ஒருபக்கமாக மடிந்திருந்தால் இரும்பு மிருது. தோய்ச்சலில் சூடு போதவில்லை, அல்லது பதம் அதிகம் இறங்கிவிட்டது. மடிந்த இடத்தில் அரம் எளிதாகக் கடித்தால் பிடியைக் கழற்றித் தோய்ச்சலை முதலிலிருந்து செய்ய வேண்டும். பல்லுப்பல்லாகச் சில்லு போயிருந்தால் இரும்பு மிகக் கடினம். அந்த வழியில் திரும்புவது சுலபம். பிடியைக் கழற்றி, முன்பைவிட 15 டிகிரி கூட்டி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்து, சில்லு மறையும்வரை கல்லில் தேய்த்து மறுபடி சோதிக்க வேண்டும். அதற்குப் பிறகும் சில்லு போனால் குறை கோணத்தில் இருக்கிறது. 45 டிகிரியை 50 ஆக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். உடைந்த முகத்தில் சர்க்கரைப் பருக்கை தெரிந்தால் மட்டும் ஓவனால் பயனில்லை. காற்றில் ஆற்றும் மூன்று சுற்றையும் தோய்ச்சலையும் திரும்பச் செய்ய வேண்டும்.

சோதனையில் தேறிய கத்தியை வேலை முடிந்ததும் கழுவி, உடனே துடைத்து, துளி எண்ணெய் தடவி, முன்மூலைத் துளை வழியாக ஆணியில் மாட்டலாம். புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் கருக்கும். அந்தக் கருப்பு கெடுதல் இல்லை. செந்துரு வந்தால் மட்டும் சாம்பலால் தேய்த்து எடுக்க வேண்டும்.